பிரித்தெடுக்கும் முன் கலந்திருக்க வேண்டும்

காவிரிப் பாசனப் பகுதியில் 'உடு' என்றொரு சாகுபடி முறை வழக்கத்தில் இருந்தது. மூன்றரை மாதத்தில் விளையும் குறுவை நெல்லையும், ஆறு மாதத்துக்கு மேல் வயதுள்ள ஒட்டடான் நெல்லையும் கலந்து ஒரே வயலில் விதைப்பார்கள். குறுவை முற்றியதும் வயல் முழுவதும் அறுவடையாகும். ஒட்டடான் அப்போது கதிர் விட்டிருக்காது. அறுத்த தாளிலிருந்து மீண்டும் துளிர்த்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கும் தண்ணீரைத் தாங்கி நின்று, தை, மாசியில் விளையும். உழவும் விதைப்பும் ஒரு முறை, அறுவடை இரு முறை. அடைமழைக்கு நடுவே இரண்டாம் நடவு போட முடியாத தாழ்வான நிலங்களில் உழவர்கள் கண்ட விடை இது.

இன்று விதைப் பண்ணையில் ரகம் மாறி நிற்கும் செடிக்குப் பெயர் கலவன். கண்டதும் பிடுங்கி எறிய வேண்டும். விதைச் சான்று பெற அது கட்டாயம். உழவர் வாங்கும் விதை ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால் அந்தச் சீரான விதை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், ஒவ்வொரு ரகத்தின் பின்னாலும் சீரற்ற, பல மரபுகள் கலந்த பெரும் பயிர்க்கூட்டம் ஒன்று நிற்கிறது. அந்தக் கூட்டத்தைப் பற்றியது இந்த அத்தியாயம்.

மக்காச்சோளமும் நெல்லும்

பயிர்க்கூட்டம் என்றால் என்ன என்பதை மக்காச்சோளத்தில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். அதன் ஆண் பூங்கொத்து உச்சியில் இருக்கிறது. கதிரோ தண்டின் நடுவில். கதிர் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் ஒரு மணிக்குப் போகும் வழி. காற்றில் வந்து அதில் ஒட்டும் மகரந்தம் பெரும்பாலும் அக்கம்பக்கத்துச் செடிகளுடையது. ஆகவே ஒரு கதிரில் உள்ள சில நூறு மணிகளுக்குத் தாய் ஒன்று, தந்தையர் பலர். வயலில் உள்ள செடிகள் எல்லாம் தலைமுறைதோறும் தங்களுக்குள் கலந்துகொண்டே இருக்கின்றன. கட்டுப்பாடில்லாமல் விட்டால் எந்த இரண்டு செடியும் ஒன்றுபோல் இருக்காது.

நெல்லின் பூ அப்படியில்லை. முற்பகலில் சிறிது நேரம் உமி திறக்கிறது. திறக்கும் தறுவாயிலேயே அதன் சொந்த மகரந்தம் சூல்முடியில் விழுந்துவிடுகிறது. அயல் மகரந்தம் சேர்வது வழக்கமாக நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. தன்னோடு தானே சேரும் செடியில் தலைமுறைதோறும் மரபு வேறுபாடு பாதிப் பாதியாகக் குறையும். ஏழெட்டுத் தலைமுறையில் பிள்ளைகள் எல்லாம் தாயின் அச்சாகிவிடும். மக்காச்சோளத்தில் வேறுபாடு செடிக்கு உள்ளேயே இருக்கிறது என்றால், நெல்லில் அது குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையே இருக்கிறது. நாட்டு நெல் ஒன்றை 'சிறுமணி' என்று ஒரே பெயரால் அழைத்தாலும், அந்த வயலில் நின்றவை ஒன்றோடொன்று கலவாத பல குடும்பங்கள்.

இந்த வேறுபாட்டின் பொருள் என்ன என்பதை இரண்டு பழைய ஆய்வுகள் காட்டுகின்றன.

1896இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சிரில் ஹாப்கின்ஸ், பர்ஸ் ஒயிட் என்ற மக்காச்சோள ரகத்தின் 163 கதிர்களை எடுத்துக்கொண்டார். எண்ணெய் அதிகமுள்ள கதிர்களின் விதையை மட்டும் விதைத்து, அவற்றைத் தங்களுக்குள் கலக்க விட்டு, அடுத்த ஆண்டும் அதேபோலப் பொறுக்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் நூறு தலைமுறைக்கு மேல் அதைத் தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் மணியின் எடையில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த எண்ணெய் 20 விழுக்காட்டை எட்டியது. 163 கதிர்களுக்குள் அவ்வளவு மறைந்து கிடந்தது. முதல் கதிர்களில் எதுவும் 20 விழுக்காட்டின் பக்கத்தில்கூட இல்லை. எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கூட்டும் பல மரபணுக்கள் வெவ்வேறு செடிகளில் சிதறியிருந்தன. கலந்து பொறுக்கி, கலந்து பொறுக்கி, அவை ஒரே செடியில் வந்து சேர்ந்தன.

1903இல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோகான்சன் அவரை இனத்துப் பயிர் ஒன்றில் இதற்கு நேர் எதிரானதைக் கண்டார். அதுவும் நெல்லைப் போலத் தன்னோடு தானே சேரும் பயிர். சந்தையில் வாங்கிய விதைக்கூட்டத்தில் பெரிய விதைகளைப் பொறுக்கி விதைத்தபோது பலன் கிடைத்தது. ஆனால் ஒரே செடியின் வழிவந்த விதைகளில் பெரியதைப் பொறுக்கினாலும் சிறியதைப் பொறுக்கினாலும் அடுத்த தலைமுறையின் சராசரி எடை மாறவில்லை. அவற்றுக்குள் தெரிந்த பெரிது, சிறிது என்பதெல்லாம் மண்ணும் நீரும் செய்தவை. மரபில் எல்லாம் ஒன்றே. இப்படி ஒரே செடியின் வழிவந்த கூட்டத்துக்கு அவர் தூய வழி என்று பெயரிட்டார்.

தேர்வு எதையும் படைப்பதில்லை. இருப்பதிலிருந்து எடுக்கிறது, அவ்வளவுதான். கூட்டத்தில் வேறுபாடு இருக்கும்வரை எடுக்கலாம். தீர்ந்துவிட்டால் எவ்வளவு திறமையான வல்லுநரும் அங்கே நின்றுவிடுவார்.

ஆடுதுறையின் வழி

இந்த அறிவு தமிழ்நாட்டு நெல்லுக்கு விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1912இல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, எஃப். ஆர். பார்னெல் அங்கே பணியாற்றினார். 1922இல் ஆடுதுறையில் டெல்டாவுக்கான நிலையம் அமைந்தது. தொடக்க கால வேலை எளிமையானது, பொறுமை கோருவது. உழவர் வயலிலிருந்து நல்ல கதிர்களைத் தனித்தனியே எடுப்பது, ஒரு கதிருக்கு ஒரு வரிசை என்று விதைப்பது, வரிசைகளை ஒப்பிட்டுச் சிறந்ததைப் பெருக்குவது. சிறுமணி, குறுவை, கொரங்கு சம்பா என்று டெல்டா உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த நெற்களிலிருந்தே ஏ.டி.டி. வரிசையின் முதல் ரகங்கள் வந்தன. அவற்றைப் புதிதாக யாரும் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே கலந்து நின்றவற்றிலிருந்து அவை பிரிந்து வந்தன.

கோயம்புத்தூரில் கோணாமணி என்ற நெல்லில் தானாக நேர்ந்த மரபு மாற்றத்திலிருந்து 1921இல் கிடைத்தது ஜி.இ.பி. 24. கிச்சிலிச் சம்பா என்று மக்கள் அறிந்த சன்ன நெல் இதுதான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இந்த அத்தியாயத்தில் இன்னும் சில இடங்களில் வரும்.

கதிர் பொறுக்கும் முறைக்கு யோகான்சன் காட்டிய எல்லை உண்டு. சிறந்த குடும்பங்களைப் பிரித்தெடுத்த பிறகு, அவற்றுக்குள் மேலும் பொறுக்க எதுவும் இல்லை. அடுத்த அடி ஒட்டுச் சேர்ப்பது. ஒரு நெல்லின் பூவிலிருந்து மகரந்தப் பைகளை நீக்கி, வேறொரு நெல்லின் மகரந்தத்தைத் தூவினால், முதல் தலைமுறை ஒரே சீராக வரும். அது தன்னோடு தானே சேர்ந்து விடும் விதையில், பெற்றோரின் குணங்கள் எல்லாவிதமாகவும் பிரிந்து சேரும். இரண்டு பெற்றோர் 20 மரபணுக்களில் மட்டும் வேறுபட்டாலும், நிலைத்து நிற்கக்கூடிய சேர்க்கைகள் 10 லட்சத்தைத் தாண்டும். ஒட்டு என்பது நெல்லின் மூடிய பூவைத் திறந்து, சில தலைமுறைகளுக்கு அதை மக்காச்சோளம்போல ஆக்குவது. வல்லுநர் கையால் உண்டாக்கும் பயிர்க்கூட்டம் அது.

1950களில் ஜப்பானிய நெல்லையும் இந்திய நெல்லையும் சேர்க்கும் பெருந்திட்டம் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தை மையமாகக் கொண்டு நடந்தது. ஜப்பானின் நோரின் 10ஐ நம் ஜி.இ.பி. 24உடன் சேர்த்த வழியில், 1960களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து வந்தது ஏ.டி.டி. 27. 105 நாளில் விளைந்து, உரத்தை ஏற்று, தஞ்சை மாவட்டத்தின் குறுவையை மாற்றிய ரகம் அது. அதே திட்டத்தின் இன்னொரு பிள்ளை மலேசியாவில் தேர்வான மாசூரி. அதுதான் நமக்கு வெள்ளைப் பொன்னியாக வந்தது. தொலைவில் பிரிந்து வளர்ந்த இரு மரபுகள் சேர்ந்ததால் கிடைத்தவை இவை.

குறுகிய வழியின் விலை

1966இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8ஐ வெளியிட்டது. இந்தோனேசியாவின் பீட்டாவும் தைவானின் தீ-ஜியோ-ஊ-ஜென்னும் அதன் பெற்றோர். தைவான் நெல் தந்த குட்டை மரபணு பயிரைச் சாயாமல் நிறுத்தியது. தழைச்சத்தை அள்ளிப் போட்டாலும் தாங்கி விளைந்தது. நாட்டின் பசி தீர்ந்ததில் அதன் பங்கை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் பின்னர் வந்த குட்டை ரகங்களில் மிகப் பெரும்பாலானவை அதே ஒரு மரபணுவின் மீது நிற்கின்றன. பல நூறு நாட்டு நெற்கள் இருந்த வயல்களில் நான்கைந்து ரகங்கள் நிறைந்தன.

இத்தகைய ஒருமை என்ன செய்யும் என்பதை 1970இல் அமெரிக்க மக்காச்சோளம் காட்டியது. வீரிய ஒட்டு விதை உற்பத்தியில் ஆண் பூங்கொத்தைக் கையால் கிள்ளி எறியும் செலவைத் தவிர்க்க, மகரந்தம் உண்டாகாத ஒரு தாய்வழி மரபைப் பயன்படுத்தினார்கள். அந்த நாட்டு வீரிய ஒட்டு விதையில் ஏறத்தாழ 85 விழுக்காட்டில் அந்த ஒரே தாய்வழி இருந்தது. அந்த மரபைக் குறிவைத்துத் தாக்கும் இலைக்கருகல் பூஞ்சை ஒன்று தெற்கிலிருந்து வடக்கே பரவி, நாட்டின் மொத்த விளைச்சலில் சுமார் 15 விழுக்காட்டை ஒரே பருவத்தில் கொண்டுபோனது. ரகங்களின் பெயர்கள் பலவாக இருந்தன. உள்ளே இருந்த பலவீனம் ஒன்றுதான்.

நெல்லுக்கு அந்தப் பாடத்தைச் சொல்ல வந்தது புகையான். தூரின் அடியில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும் இந்தச் சிறு பூச்சி, வயலில் வட்ட வட்டமாகப் பயிரைத் தீய்ந்துபோகச் செய்யும். அடர்ந்த நடவு, மிகுந்த தழைச்சத்து, இயற்கை எதிரிகளான சிலந்திகளையும் கொன்றுவிடும் மருந்து ஆகிய மூன்றும் அதற்கு வாழ்வு. அதை எதிர்க்கும் மரபணுக்களைத் தேடியபோது 1971இல் இரண்டு தெரியவந்தன. ஒன்று இந்திய நெல்லான முட்கோவிலும் கோயம்புத்தூரின் கோ 22இலும் இருந்தது. மற்றது அம்பாசமுத்திரத்தின் ஏ.எஸ்.டி. 7இல் இருந்தது. முதல் மரபணுவைக் கொண்ட ஐ.ஆர். 26 1973இல் வெளியானது. அது பரவிய தென்கிழக்கு ஆசிய வயல்களில் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அந்தக் காப்பை மீறும் புகையான் பெருகிவிட்டது. தெற்காசியப் புகையானோ முதலிலிருந்தே இந்த இரண்டு மரபணுக்களுக்கும் அடங்காதது. அதற்கு எதிராக நின்றவை பட்டாம்பியின் பி.டி.பி. 33, இலங்கையின் ரத்து ஹீனட்டி போன்ற வேறு நாட்டு நெற்கள். ஒரு காப்பு உடையும்போது இன்னொன்றை எடுக்க, அந்த இன்னொன்று எங்காவது உயிரோடு இருந்தாக வேண்டும்.

ஆறாயிரத்துக்கு மேல் தேடி

அப்படி எடுக்க முடிந்த கதைகளில் வலிமையானது புல்தழைக் குட்டை நோய்க்குரியது. புகையான் பரப்பும் இந்த வைரஸ் நோய்க்கு எதிரான மரபணுவைத் தேடி, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். பலன் தந்தது ஒன்றே ஒன்று. உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல் அது. அந்த மாதிரியிலும் சில செடிகள் மட்டுமே நோயை எதிர்த்தன. குர்தேவ் குஷ் குழுவினர் அந்த மரபணுவைப் பயிர் நெல்லுக்குக் கொண்டுவந்தார்கள். 1976இல் வெளியான ஐ.ஆர். 36 அதைச் சுமந்து, உலகில் மிகப் பரவலாகப் பயிரான நெல் ரகங்களுள் ஒன்றானது. மணி உதிர்ந்து, விளைச்சல் தராமல், ஓடைக்கரையில் களையாக நிற்கும் செடி அந்தக் காட்டு நெல். அதை யாரும் சேகரிக்காமல் விட்டிருந்தால் அந்த வாசல் திறந்திருக்காது.

டெல்டாவுக்கு மிக நெருக்கமான கதை வெள்ளத்தைப் பற்றியது. சம்பா, தாளடிப் பயிர் இளமையாக இருக்கும்போது வடகிழக்குப் பருவமழை வருகிறது. திருவாரூர், நாகப்பட்டினம் கடைமடையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் நாற்று மூழ்கும். மூழ்கிய நெல் மூச்சுக்காக நீருக்கு மேலே எட்ட முயன்று, சேமித்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து நீளும். தண்ணீர் வடியும்போது சாய்ந்து செத்துப்போகும். ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து பிரித்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ வேறுவிதமாக நடந்துகொண்டது. அது வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்து, இரண்டு வாரம் போல மூழ்கியிருந்தும் பிழைத்தது. இதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள்.

எஃப்.ஆர். 13ஏவை அப்படியே நட முடியாது, விளைச்சல் குறைவு. ஆகவே அதை நல்ல ரகத்தோடு சேர்த்து, பிள்ளையை மீண்டும் மீண்டும் அந்த நல்ல ரகத்தோடே சேர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பழைய நெல்லின் மரபு பாதியாகும்: 50, 25, 12.5, 6.25 விழுக்காடு. ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுச் சோதனையால் சப்1ஏ இருக்கும் நாற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். டெல்டா உழவர்கள் நெடுங்காலமாக நம்பிப் பயிரிட்ட சி.ஆர். 1009, அதாவது பொன்மணி, இவ்வாறு சி.ஆர். 1009 சப்1 ஆனது. அயல் உயிரின் மரபணு எதுவும் இதில் இல்லை. ஒடிசா உழவர் காத்த நெல் தஞ்சை உழவரின் நாற்றைக் காக்கிறது.

எட்டுப் பெற்றோரின் பிள்ளைகள்

இரண்டு பெற்றோரைச் சேர்த்தால் ஒவ்வொரு மரபணுவிலும் அதிகபட்சம் இரண்டு வடிவங்களே கிடைக்கும். நெல்லின் உப்புத் தாங்கும் திறன், வறட்சி தாங்கும் திறன், விளைச்சல் ஆகியவை பல மரபணுக்களின் கூட்டு வேலை. அவற்றைப் புரிந்துகொள்ள அகலமான கூட்டம் வேண்டும்.

இங்கேயும் மக்காச்சோளம் முன்னே நடந்தது. பி73 என்ற ஒரு வழியோடு, உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 25 வேறுபட்ட வழிகளைத் தனித்தனியே சேர்த்து, ஒவ்வொன்றிலும் 200 பிள்ளை வழிகள் என்று 5,000 வழிகள் கொண்ட கூட்டத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். 2009இல் எட்வர்ட் பக்ளர் குழுவினர் அதைக் கொண்டு, மக்காச்சோளம் பூக்கும் காலத்தைப் பல சிறு மரபணுப் பகுதிகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்று காட்டினார்கள். ஒவ்வொன்றும் சிறிதளவே கூட்டுகிறது, குறைக்கிறது. ஹாப்கின்ஸின் கதிர்களில் எண்ணெய் ஏன் நூறு தலைமுறை ஏறிக்கொண்டே போனது என்பதற்கும் விளக்கம் அதே இயல்பில் இருக்கிறது.

நெல்லில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் எட்டுப் பெற்றோரைக் கொண்ட கூட்டங்களை உருவாக்கியது. மேஜிக் என்பது அவற்றின் பெயர். எட்டு நெற்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 28 ஒட்டுகள். அவற்றை நான்கு வழியாக, பின் எட்டு வழியாகச் சேர்த்து, அதன் பிறகு தன்னோடு தானே சேர விட்டு நிலைப்படுத்துகிறார்கள். கடைசியில் வரும் ஒவ்வொரு வழியிலும் எட்டு நெற்களின் மரபும் துண்டு துண்டாகக் கலந்திருக்கும். எந்தத் துண்டு எந்தக் குணத்தோடு சேர்ந்தே வருகிறது என்று பார்த்து மரபணுக்களை நெருங்கலாம். நல்ல வழி எதுவோ அதையே ரகமாக வளர்க்கவும் செய்யலாம். அந்தப் பெற்றோர்களில் ஒன்று வெள்ளம் தாங்கும் சம்பா மாசூரி. சம்பா மாசூரியின் முன்னோரில் ஒன்று ஜி.இ.பி. 24. ஐ.ஆர். 20க்குப் பூச்சி, நோய் எதிர்ப்பைத் தந்த டி.கே.எம். 6இன் பெற்றோரிலும் ஜி.இ.பி. 24 உண்டு. கோயம்புத்தூரில் கண்ணில் பட்ட ஒரு மாற்றம் நூறாண்டாக உலக நெல்லுக்குள் பயணம் செய்துகொண்டிருக்கிறது.

வயலில் எப்படி?

ஆய்வு நிலையத்தில் கலக்கலாம். உழவர் வயலில் கலக்க முடியுமா? சீனத்தின் யுனான் மாகாணத்தில் முடிந்தது. குலைநோய்க்கு எளிதில் இரையாகும் விலை உயர்ந்த பசை நெல்லை, நோயைத் தாங்கும் வீரிய ஒட்டு நெல்லின் இடையே வரிசை விட்டு நட்டார்கள். ஜு யூயோங் குழுவினர் 2000இல் வெளியிட்ட முடிவின்படி, பசை நெல்லைத் தனியே நட்ட வயலோடு ஒப்பிட, கலந்து நட்ட வயலில் அதன் நோய் 94 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் 89 விழுக்காடு கூடியது. 1999இல் மட்டும் மூவாயிரம் ஹெக்டேருக்கு மேல் இது நடந்தது. காற்றில் வரும் பூஞ்சை வித்து தாங்கும் செடியில் விழுந்தால் அங்கேயே முடிந்துபோகிறது.

டெல்டாவில் இதை அப்படியே செய்வது எளிதல்ல. அறுவடை இயந்திரம் ஒரே நாளில் முற்றிய, ஒரே உயரப் பயிரைக் கேட்கிறது. நேரடிக் கொள்முதல் நிலையம் சீரான மணியைக் கேட்கிறது. யுனானில் பசை நெல் உயரமாக வளர்ந்தது. தனியே கையால் அறுத்தார்கள். ஆனால் ஒரு வயலுக்குள் முடியாததை ஓர் ஊருக்குள் செய்யலாம். வாய்க்காலின் ஒரு பக்கம் ஒரு ரகம், மறுபக்கம் வேறு பெற்றோர் வழிவந்த ரகம். தாழ்வான நிலத்தில் வெள்ளம் தாங்குவது, கடலோர உவரில் உப்புத் தாங்கும் குழியடிச்சான். பெயர் பலவாக இருந்தால் போதாது. உள்ளே மரபும் பலவாக இருக்கிறதா என்று விதை தருவோரும் வேளாண் துறையும் பார்க்க வேண்டும்.

நாட்டு நெல் எல்லாமே நல்லது என்று சொல்லவில்லை. பல சாயும், பல குறைவாக விளையும். ஆனால் அவற்றின் மதிப்பு அந்த ஆண்டு விளைச்சலோடு முடிவதில்லை. இதைப் புரிந்துகொண்டு செயல்பட்டவர் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன். வந்த உழவருக்கு 2 கிலோ நாட்டு விதை தருவார். மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் மறையும் வரை 170ஐ ஒட்டிய நாட்டு நெற்களை அவர் மீட்டிருந்தார். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் குளிர்சேமிப்பில் 1,30,000க்கு மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. இரண்டும் வேண்டும். குளிரில் உறையும் விதை பாதுகாப்பாக இருக்கும், மாறாது. வயலில் விளையும் விதை ஆண்டுதோறும் புதிய பூச்சியையும், கூடும் வெப்பத்தையும், உட்புகும் கடலுப்பையும் சந்தித்து அவற்றுக்கேற்பத் தேர்வாகிறது.

புதிய ரகத்துக்குப் பெயர் சூட்டி வெளியிடும் விழாவுக்கு நாம் பணமும் கவனமும் தருகிறோம். அதற்கு முன் பத்தாண்டு நடக்கும் கலத்தலுக்கும் தேடலுக்கும் சேமிப்புக்கும் அதே அளவு தர வேண்டும். ஆடுதுறையின் கூட்டங்களுக்கும், உழவர் விதைத் திருவிழாக்களுக்கும், கடைமடையில் ஒரு மூலையில் நாட்டு நெல் விடும் குடும்பத்துக்கும் அது சேர வேண்டும். கடலுப்பு இன்னும் உள்ளே வரும் ஆண்டில், வெள்ளமும் வறட்சியும் ஒரே பருவத்தில் வரும் ஆண்டில், எந்த மரபணு நமக்குத் தேவைப்படும் என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததால்தான் எல்லாவற்றையும் காக்க வேண்டியிருக்கிறது.